ஆமிக்காரனுக்கு ஒரு துண்டு

நான் ஒவ்வொரு நாளும் காலை எட்டரைக்கு ஓர் ஆமிக்காரனின் முகத்தைத் துடைக்கிறேன். சம்பளத்துக்குத்தான். ஆட்டுரோமத் தூரிகையால் முதலில் நெற்றி, பிறகு மூக்கு, மீசை, தோளில் தொங்குகிற பொற்குஞ்சம், கடைசியாக வாளின் பிடி. தண்ணீரும் படக்கூடாது, துணியும் படக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். சொந்த மனுசனின் முகத்தைக்கூட நான் இவ்வளவு பக்குவமாகத் துடைத்ததில்லை.

அவன் படத்தில் இருக்கிற ஆமிக்காரன். நூற்றெண்பது வருடத்துக்கு முந்திய ரஷ்ய அதிகாரி. எண்ணெய் வர்ணத்தில் இடுப்பு வரைக்கும் தீட்டியது. கடும்பச்சை மேலங்கி, கழுத்தில் சிவப்புப் பட்டி, மார்பில் ஒரு பதக்கம், வலக்கையில் வெள்ளைக் கையுறை. இடக்கை மட்டும் முடிவடையாமல் மண்நிறக் கீறல்களாகக் கிடக்கிறது. பலேர்மோ துறைமுகத்துக்குப் பின்தெருவில், மூன்றாம் மாடி வீடு ஒன்றின் வரவேற்பறையில் தொங்குகிறான். நாப்போலி போகிற கப்பல் ஊதினால் அவனுடைய சட்டம் மெல்ல அதிரும்.

வீடு சிஞ்ஞோரா கொஸ்தான்சாவுடையது. எண்பத்தொன்பது வயது. இரண்டு வருடத்துக்கு முன் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அன்றிலிருந்து சக்கர நாற்காலி. கண்ணும் மங்கல். புத்தியில் மட்டும் ஒரு குறையும் இல்லை. போன வருடம் நான் உடைத்த கோப்பையின் நிறத்தை இன்றைக்கும் சொல்லுவார். அவரோடு அந்த வீட்டிலேயே தங்கி, குளிப்பாட்டி, சமைத்துக் கொடுக்கிற பதாந்தே நான். எங்கள் சனத்தில் பாதிப்பேருக்கு இங்கே அதுதான் வேலை. என் பெயர் புனிதமலர். அது சிஞ்ஞோராவின் வாய்க்குள் நுழையாமல் மலர் என்று குறுகி, மலரும் மாரா ஆகிவிட்டது.

முதல் நாள், "இவர் ஓர் உஃபிச்சாலே" என்று சிஞ்ஞோரா அவனை அறிமுகம் செய்து வைத்தபோது நான் பிழையாக விளங்கிக்கொண்டேன். அந்தச் சொல்லை அதுவரை நான் நகரசபைக் கந்தோரில்தான் கேட்டிருந்தேன். பதிவுக் கடதாசியில் கையெழுத்து வைக்கிறவரையும் இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கந்தோருக்கும் வாளோடுதான் வருவார்களாக்கும் என்று நினைத்து, மரியாதையாகத் தலையை ஆட்டினேன். பிறகுதான் சிஞ்ஞோரா படை என்றும் போர் என்றும் சொன்னார். அதன்பின் ஒரு கிழமை, ஏழு நாளும் அவனைப் பாராமலே துடைத்தேன்.

காரணம் சொல்லவேண்டும். மன்னாரில் இருந்து இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, வன்னியின் கடைசி மணல்திட்டி வரைக்கும் போனவர்கள் நாங்கள். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம். என் மனுசன் பேனாட் ஆறு மாதம் இயக்கத்துக்கு உழவு இயந்திரம் ஓடினவர், அவ்வளவுதான். இயக்கத்தில் ஒருநாள் இருந்தவர்களும் வந்து ஆமியிடம் பதியவேண்டும், விசாரித்துவிட்டு விடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பேனாட் போகமாட்டேன் என்றார். ஒளித்திருந்து, பிறகு யாராவது காட்டிக்கொடுத்தால் என்ன செய்வது என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது நான். இதை நான் பாவசங்கீர்த்தனத்தில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

அங்கே நின்ற அதிகாரியின் உடுப்பு அந்தப் புழுதிக்குள்ளும் கசங்காமல் இருந்தது. சட்டைப்பையில் ஒரு பேனை. நல்ல மரியாதையாகச் சிரித்தான்.

"துண்டு ஏதும் தருவீங்களோ ஐயா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் துண்டு என்றால் எழுதிக் கொடுக்கிற சின்னக் கடதாசி.

"துண்டு எதுக்கு அம்மா? விசாரிச்சிட்டு ரெண்டு மூணு கிழமையில விடுறதுதானே," என்றான்.

பின்னால் வரிசை நெருக்கியது. மறுபடி கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நகர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் ஏறி இறங்கின கந்தோரெல்லாம் முதலில் கேட்டது ஒன்றைத்தான். யாரிடம் கையளித்தாய், துண்டு இருக்கிறதா? முறைப்பாடு கொடுத்த துண்டு, பதிந்த துண்டு, மறுபடி பதிந்த துண்டு என்று பேனாட்டின் பைல் தடித்துக்கொண்டே போனது. இருக்கவேண்டிய அந்த ஒரு துண்டு மட்டும் அதில் இல்லை. பலேர்மோவுக்கு வந்த பிறகு பாண் வாங்கின துண்டைக்கூட நான் எறிவதில்லை. இந்த ஊரின் அல்பெர்கேரியாப் பகுதியில் இருக்கிற என் அக்கா யோசப்பின் என்னைத் துண்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு கிழமை கழித்து அவனை நேரே பார்த்தேன். பார்த்த கையோடு விசாரணையையும் தொடங்கினேன். நெற்றியைத் துடைக்கும்போது, "எங்கையடா என்ர மனுசன்?" மீசைக்கு வரும்போது, "ஆரிட்டையடா குடுத்தனி?" பதில் சொல்லாத அதிகாரிகளோடு எனக்குப் பழக்கம் உண்டு. ஒருநாள் சிஞ்ஞோரா கதவடியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நீ அவரிடம் செபம் சொல்கிறாயா என்று கேட்டார். ஓம் என்றேன். அவருக்கு என்னைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

பின்னேரம் நாலு மணிக்கு அவரைப் படத்துக்கு முன்னால் கொண்டுவந்து விடவேண்டும். சியாகுல்லித் தோட்டத்து மண்டரின் தோடம்பழம் இரண்டு உரித்துக் கொடுப்பேன். ஒவ்வொரு சுளையாகத் தின்றுகொண்டு அவனுடைய கதையைச் சொல்லுவார். ரஷ்ய அரச குடும்பம் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க இந்த ஊருக்கு வந்ததாம். கூட வந்த அதிகாரிகளில் ஒருவன், ஓவியராக இருந்த சிஞ்ஞோராவின் முப்பாட்டனாரிடம் தன்னை வரையச் சொன்னான். இடக்கை மிச்சம் இருக்கும்போது கப்பல் திடீரென்று வெளிக்கிட்டது. ஆள் அனுப்பி எடுப்பிக்கிறேன், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவன்தான். அவனுடைய பெயரை எழுதி வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

"இது எங்களுடையது அல்ல, மாரா," என்பார் சிஞ்ஞோரா. "அவருடையது. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்."

ஐந்து தலைமுறையாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஊரில் குண்டு விழுந்த காலத்தில் கட்டிலுக்குக் கீழே வைத்துக் காத்தார்களாம். அதைக் கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரியும். ஓர் ஆமிக்காரனை, பெயர் தெரியாதவனை, நூற்றெண்பது வருடம். என் மனுசனை ஒரு கிழமை பத்திரமாக வைத்திருக்க ஒருவருக்கும் ஏலாமல் போய்விட்டது.

இந்த வருடம் மார்ச் மாதக் கடைசியில் என் பெர்மெசோ முடிகிறது. இந்த நாட்டில் இருப்பதற்கான அனுமதி அது. புதுப்பிக்க வேலை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவர் சிஞ்ஞோராவின் ஒரே மகன் ருஜ்ஜேரோ. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வந்து போகிற அவர், மாதத்தின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து சமையலறைக் கதவைச் சாத்தினார். வியாழன் காலை அம்மாவைக் கண் டொக்டரிடம் கூட்டிப் போகிறேன், பதினொரு மணிக்கு ஒருவர் வருவார், படத்தை அவரிடம் கையளித்துவிடு என்றார். விற்றாயிற்று என்பதையும் மறைக்கவில்லை. அம்மா கேட்டால், படத்தைப் பழுது பார்த்துத் துப்புரவாக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள், இரண்டு மூன்று கிழமையில் அனுப்புவார்கள் என்று சொல்லவேண்டும். பிறகு அவர் மெல்ல மெல்ல மறந்துவிடுவாராம்.

போகும்போது, உன் பெர்மெசோ நாள் நெருங்குகிறதல்லவா, ஒப்பந்தத்தை அடுத்த கிழமை நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிச் சிரித்தார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் கோபப்படவாவது முடிந்திருக்கும்.

இரண்டு மூன்று கிழமை. அந்தத் தவணையை நான் முன்பும் கேட்டிருக்கிறேன். ஆனால் பெர்மெசோ இல்லாவிட்டால் வேலை இல்லை, கட்டில் இல்லை. அக்கா வீட்டு ஒற்றை அறையில் ஐந்து பேரோடு ஆறாவதாகப் படுத்துக்கொண்டு, பொலிஸைக் கண்டால் ஒழுங்கைக்குள் ஒதுங்கவேண்டும். அதோடு, போகப்போவது யார்? ஓர் ஆமிக்காரன். தொலைந்து போகட்டும் என்று முடிவெடுத்தேன்.

வியாழன் பதினொரு மணிக்கு வந்தவர் கஸ்பாரே என்கிற பழம்பொருள் வியாபாரி. கூட ஒரு வான் சாரதி. இருவரும் ஏணி வைத்துப் படத்தை இறக்கினார்கள். சுவரில் அவன் இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. நிலத்தில் ஒரு நீலப் போர்வையை விரித்து அவனைக் கிடத்தி, கீழ்ப்பக்கத்தில் இருந்து சுற்றிக்கொண்டு வந்தார்கள். போர்வை முகத்துக்கு வந்தபோது பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு ஏலவில்லை. சத்தியமாக அவனில் இரக்கப்பட்டு இல்லை. அவனில் எனக்கு என்ன இரக்கம்? கால்கள் தாமாகப் போய் வாசற்கதவை மறித்துக்கொண்டன.

துண்டு தாருங்கள் என்றேன். இத்தாலியன் மொழியில் அதற்கு ரிச்செவூத்தா. எனக்கு அந்த மொழியில் மிக நன்றாக வருகிற சொல் அது.

கஸ்பாரே சிரித்தார். எல்லாம் மகனோடு பேசியாயிற்று, கடதாசி ஒன்றும் தேவையில்லை என்றார். சாரதி படத்தைத் தாங்கிக்கொண்டு பின்னால் நின்று மூச்சு வாங்கினான். அன்றைக்கு வரிசை நெருக்கின மாதிரியே நெருக்கினார்கள். இந்தமுறை நான் நகரவில்லை. யார் எடுத்துப் போகிறீர்கள், எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள், வான் இலக்கம் என்ன, தொலைபேசி இலக்கம் என்ன, இன்றைய திகதி, இப்போது மணி, எல்லாம் எழுதிக் கையெழுத்து வையுங்கள் என்றேன்.

"சிஞ்ஞோரா, இது ஒரு படம். ஆள் இல்லை," என்றார் அவர்.

"ஆளுக்குத்தான் கேக்காமல் விட்டிட்டன்," என்றேன் தமிழில்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேனையை எடுத்தார். ரஷ்ய அதிகாரி ஒருவரின் உருவப்படம், எண்ணெய் வர்ணம், பெயர் தெரியாது என்று எழுதினார். இடக்கை முடியவில்லை என்பதையும் எழுதுங்கள் என்றேன். அங்க அடையாளம் கட்டாயம் எழுதவேண்டும். பேனாட்டுக்கு வலது புருவத்தில் ஒரு தழும்பு. எத்தனை படிவத்தில் அதை எழுதியிருப்பேன். துண்டை வாங்கி, இரண்டு தரம் வாசித்து, சட்டைக்குள் வைத்துக்கொண்ட பிறகே கதவை விட்டேன்.

ஒரு மணிக்குச் சிஞ்ஞோரா வந்தார். கண்ணுக்கு மருந்து விட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அந்தச் சுவருக்கு நேரே வந்ததும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். மகன் தன் கதையைச் சொன்னார். சிஞ்ஞோரா அவரைப் பார்க்கவே இல்லை.

"உண்மையா, மாரா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம் சிஞ்ஞோரா. இரண்டு மூன்று கிழமையில் அனுப்பிவிடுவார்கள்," என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். நல்ல மரியாதையாக.

வியாழன் பின்னேரம் எனக்கு ஓய்வு. பல்லாரோ சந்தைக்குள்ளால் நடந்து அக்கா வீட்டுக்குப் போனேன். யோசப்பின் அக்கா கணவாய் துப்புரவாக்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். துண்டு வாங்கின இடம் வந்ததும் சிரிப்பை அடக்க முடியாமல், கணவாய் மை பட்ட கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"இஞ்சை பார், வாயை மூடிக்கொண்டு இரு. முதல்ல பெர்மெசோ கைக்கு வரட்டும். ஆர் பெத்த ஆமிக்காரனோ, உனக்கென்ன?"

அக்கா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கணவாய்க் கறியோடு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, மனதைத் திடப்படுத்திக்கொண்டு திரும்பினேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, யாராவது தொலைபேசி எடுத்தார்களா என்று சிஞ்ஞோரா கேட்டார். சனிக்கிழமை வாசல் மணி அடித்தது. தபால்காரன்தான். நான் கதவைத் திறந்துவிட்டு வருவதற்குள் அவர் தலைமயிரைக் கையால் ஒதுக்கிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு நாற்காலியைக் கதவைப் பார்த்துத் திருப்பி விடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மகன் வரவில்லை. சுவரில் இருந்த ஆணியைத் துடைத்தாயா, அவர் வரும்போது தூசியாக இருக்கக்கூடாது என்றார். உரித்து வைத்த மண்டரின் சுளைகள் தட்டிலேயே காய்ந்து கிடந்தன. மெல்ல மெல்ல மறந்துவிடுவார் என்று மகன் சொன்னாரே, அது எப்படி என்று எனக்கு இன்னும் ஒருவரும் சொல்லித்தரவில்லை.

திங்கட்கிழமை பின்னேரம் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கொண்டு போனவர் எப்படிப்பட்டவர், மாரா? நல்லவராகத் தெரிந்தாரா?"

அது என்னுடைய கேள்வி. பேனாட் போன பிறகு எங்களை அடைத்து வைத்திருந்த முட்கம்பி போட்ட முகாமுக்குள் கண்ணில் பட்ட ஒவ்வொருவரையும் பிடித்துவைத்து நான் கேட்டது. கூட்டிக்கொண்டு போன அதிகாரியைப் பார்த்தனீங்களோ, நல்லவன் மாதிரித்தானே இருந்தவன்? ஓம் பிள்ளை, நல்லவன் மாதிரித்தான் இருந்தவன் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னில் உள்ள இரக்கத்தில் சொன்னார்கள். அந்த இரக்கம் என் வாழ்நாளைத் தின்றுவிட்டது.

பழம் எடுத்து வருகிறேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு எழும்பினேன். நடைவழிக் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. சிஞ்ஞோராவுக்காக வைத்திருந்த சிரிப்பு இன்னும் அதில் அப்படியே இருந்தது. அது யாருடைய சிரிப்பு என்று எனக்குத் தெரியும். புழுதிக்குள் கசங்காத உடுப்போடு நின்றவனுடையது. எனக்கு என்னையே அருவருத்தது. பெர்மெசோ போனால் போகட்டும் என்று வீரமாக ஒன்றும் நினைக்கவில்லை. பயம் இருந்தபடியேதான் இருந்தது. அந்தப் பயத்தோடேயே அறைக்குள் போய்த் துண்டை எடுத்துவந்து சிஞ்ஞோராவின் மடியில் வைத்தேன்.

"பழுது பார்க்கப் போனது என்பது பொய், சிஞ்ஞோரா. விற்றுவிட்டார்கள். நான்தான் என் கையால் கையளித்தேன். இது கொண்டு போனவருடைய துண்டு."

அவர் அழவில்லை. என்னை ஏசவும் இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். இடக்கை முடியவில்லை என்ற வரிக்கு வந்ததும் அதை விரலால் தடவி மறுபடி வாசித்தார். பிறகு தொலைபேசியை வாங்கி, துண்டில் இருந்த கஸ்பாரேயின் இலக்கத்துக்கு எடுத்தார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த குரல் அது. படம் என்னுடைய பொறுப்பில் இருப்பது, நான் விற்கவில்லை, உங்கள் கையெழுத்தும் வான் இலக்கமும் என் மடியில் இருக்கின்றன, புதன்கிழமை மதியத்துக்கு முன் அவர் சுவரில் இருக்கவேண்டும் என்றார். அடுத்து மகனை எடுத்தார். அந்தக் கதைக்கு நான் இருக்கக்கூடாது என்று சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

புதன்கிழமை அதே நீலப் போர்வையில் அவன் வந்து சேர்ந்தான். ஒரு கீறல் இல்லை. ஆணியில் மாட்டி முடித்ததும் கஸ்பாரே என் பக்கம் திரும்பி, சிஞ்ஞோரா, எனக்கும் ஒரு துண்டு தாருங்கள் என்று குனிந்து வணங்கிக் கேட்டார். பகிடிதான். நான் பகிடியாக எடுக்கவில்லை. பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, திகதியும் மணியும் போட்டு, புனிதமலர் பேனாட் என்று தமிழில் முழுப்பெயரும் வைத்துக் கொடுத்தேன்.

மகன் இன்னும் வரவில்லை. ஒப்பந்தமும் வரவில்லை. தானே கையெழுத்து வைப்பதாகச் சிஞ்ஞோரா சொல்கிறார். இதுவரை மகனுடைய பெயரில் இருந்ததை இப்போது மாற்றினால் எடுப்பார்களா என்று வெள்ளிக்கிழமை குவெஸ்தூராவுக்குப் போய்ப் பொலிஸாரிடம்தான் கேட்கவேண்டும். அக்கா தொலைபேசியில் ஏசின ஏச்சில் என் வலது காது இன்னும் கொதிக்கிறது.

இன்று காலை எட்டரைக்குத் தூரிகையை எடுத்தபோது சிஞ்ஞோரா அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார்.

"நீயே வைத்திரு, மாரா. அவரைத் திருப்பிக் கொண்டு வந்தது இதுதானே."

அறைக்குக் கொண்டு போனேன். என் துண்டெல்லாம் இருப்பது ஒரே இடத்தில்தான். பேனாட்டின் பைலை இழுத்துத் திறந்தேன். முறைப்பாடுகள், பதிவுகள், படிவங்கள், புருவத்துத் தழும்பு. அவற்றுக்கு மேலே இதை வைக்க என் கை போகவில்லை. துண்டும் கையுமாகத் திரும்பி வந்து அவனுக்கு முன்னால் நின்றேன். நெற்றியில் தூரிகையை வைத்தேன். வழக்கமான கேள்விக்கு வாயைத் திறந்தேன். கேட்காமலே மூடிக்கொண்டு மீசையைத் துடைத்தேன்.

நான் என் கையால் கையளித்தது இரண்டு பேரை. ஆமிக்காரன் திரும்பி வந்துவிட்டான்.